ஏழாவது காரணம்

ஊரை விட்டு வெளிநாடு வந்த புதிதில், கோழி ஃபக்டரியில் ஐந்து நாள் குடல் உருவிவிட்டு, சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கான ஹைஸ்கூலுக்குப் போன காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது இருபத்தேழு. வரலாற்றுப் பாடத்தில் ஒரு கிரெடிட் கிடைத்தால் நேர்சிங் படிக்கக் கொலிஜுக்குப் போகலாம். இல்லாவிட்டால் குடல்தான். எவ்வளவு சோப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது.

சோதனையில் வரப்போகும் கேள்வியை டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டதற்கான காரணங்கள். வகுப்பில் தமிழர் ஐந்து பேர். ஐந்து பேரும் எங்கள் சனம் குடியிருந்த டோர்செட் பார்க் பகுதியில், அப்பார்ட்மென்ட் ஒன்றில் டியூசன் கொடுத்த மாஸ்டரிடம் ஓடினோம். ஊரில் செய்ததைத்தானே இங்கேயும் செய்வோம். அவர் சாரம் கட்டிய கோலத்தில் சோபாவில் சாய்ந்து, தேத்தண்ணிக்குள் பிஸ்கட்டைத் தோய்த்து உறிஞ்சியபடி, ஏழு காரணங்கள் அடங்கிய நோட்ஸை நீட்டினார். தன் அதிகாரம் கடவுள் தந்தது என்று அரசன் நினைத்தது, பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினொரு வருடம் தனியே ஆண்டது, அதைக் கேட்காமலே வரி போட்டது என்று வரிசையாகப் போய், ஏழாவதாக ‘அரசன் சிரச்சேதம் செய்யப்பட்டமை’ என்று முடிந்தது.

எனக்கு அது இடித்தது. யுத்தத்தில் தோற்ற பிறகுதானே அவன் தலை போனது, அது எப்படிக் காரணமாகும் என்று கேட்டேன். மற்ற நால்வரும் என்னை முறைத்தார்கள். மாஸ்டர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நீர் என்ன ஆராய்ச்சியே செய்யப்போறீர்? போன வருசத்துப் பிள்ளையள் உந்த நோட்ஸை எழுதித்தான் பாஸ் பண்ணினவை. பேசாமல் பாடமாக்கும்.”

பாடமாக்கினேன். குடல் உருவும்போதும் வாய்க்குள் ஒன்றிலிருந்து ஏழு வரை ஓடிக்கொண்டிருந்தது. சோதனையில் ஒரு சொல் பிசகாமல் எழுதினேன், ஏழாவதையும் சேர்த்து.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் எங்கள் ஐந்து பேப்பர்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஐந்திலும் ஒரே வசனங்கள். ஐந்திலும் யுத்தம் தொடங்க முன்னரே அரசனின் தலை உருண்டு கிடந்தது. சேர்ந்து படித்தோம் என்று ஒருவர் புளுகினார். சீ, நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

டீச்சர் கத்தவில்லை. ஒவ்வொருவராக வந்து, ஒரேயொரு காரணத்தைச் சொந்தச் சொல்லில் விளக்கினால் போதும், பாஸ் தருகிறேன் என்றார். என் முறை வந்தபோது நான் விழிப்பதைப் பார்த்து இரங்கினார். இங்கிலாந்தை விடு, நீயே ஒரு யுத்தத்திலிருந்து வந்தவள்தானே, அது ஏன் வந்தது, உனக்குப் பட்டதைச் சொல் என்றார்.

அதற்கு நோட்ஸ் எதற்கு? குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் பதுங்கிக் கிடந்தவள் நான். வாயைத் திறந்தேன். “முதலாவதாக” என்று வந்தது. பிறகு “இரண்டாவதாக.” மேடையில் யாரோ முழங்கியது, பத்திரிகையில் யாரோ எழுதியது எல்லாம் இலக்கம் போட்டு இறங்கின. என் சொல் ஒன்றுகூட இல்லை. நாலாவதில் டீச்சர் பேனையை மூடி வைத்தார்.

மாஸ்டரைத் திட்டித் தீர்க்கலாம். திட்டியும் இருக்கிறேன். ஆனால் பிழை என்று தெரிந்துகொண்டே ஏழாவதை எழுதிய கை என்னுடையது. திங்கட்கிழமை விடிய அதே கையைக் கோழிக்குள் விட்டேன்.