கால் மாத்திரை

என் அக்கா முப்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையை வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டாள். விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அந்த விசிலை வைத்துத்தான் என்னைப் பிழைக்க வைத்தாள். பதிலுக்கு நான் அவளுக்குச் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் எங்கேயும் இடம் கிடையாது.

கணவர் இறந்த மாதம் தூக்கம் வராமல் கிடந்தபோது ஒரு டாக்டர் அரை மாத்திரை எழுதிக்கொடுத்தார். அரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. ஆறு வருடம் ஓடிவிட்டது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு ஆபீசில் எனக்கு வேலை. கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒருநாள் விசைப்பலகை மேலேயே தலை கவிழ்ந்து தூங்கிவிட்டேன். என் கன்னம் அடித்த எண்ணெல்லாம் திரையில் வரிசையாக நின்றது. முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார்: “மூணு மாசம் லீவு எடுத்துக்கோங்க மேடம். தெளிஞ்சு வாங்க.” குடிகாரனிடம் சொல்லும் வார்த்தை அது. அன்றுதான் மாத்திரையை விட்டே தீருவது என்று முடிவெடுத்தேன்.

மறுநாளே அக்கா மில்லர்புரத்து வாடகை வீட்டுக்கு வந்து, என் துணிகளைச் சாக்கில் அள்ளித் திணித்து, பீச் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை வேறொரு டாக்டர். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். தினமும் நடக்கவும் சொன்னார். ‘நடக்க’ என்ற வார்த்தை அக்காவின் காதில் ‘அணிவகுக்க’ என்று விழுந்திருக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் கட்டிலருகே விசில் ஊதும். “எந்திரிளா. மாத்திர திங்க மட்டும் கை நீளுது, நடக்கக் கால் நீளாதோ?”

எழுந்து நின்றால் உடம்பு முழுவதும் எறும்பு ஊரும். காதுக்குள் ஐஸ் கம்பெனி மெஷின் ஓடும். நெஞ்சு படபடக்கும். தெருவிளக்கு வெளிச்சம் கண்ணில் குத்தும். இந்த லட்சணத்தில் பீச் ரோட்டில் அட்டென்ஷனில் நிற்க வைத்து, “மார்க் டைம்!” என்று கத்துவாள். மீன் ஏலத்துக்குப் போகிற பெண்கள் கூடையை இடுப்பில் இறக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். நாற்பத்தாறு வயதுக்காரி நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? டீக்கடை அண்ணாச்சி ஒருநாள் கேட்டே விட்டார். “தங்கச்சிக்கு ஏதும் போட்டியா டீச்சர்?”

“ஆமா அண்ணாச்சி. மாத்திர முழுங்குத போட்டி. மாநில அளவுல ஜெயிச்சவ.”

கடை மொத்தமும் சிரித்தது. எனக்கு அவளை அப்படியே கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

அக்கா செருப்பில்லாமல்தான் நடப்பாள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் பாதி மரத்துப்போயிருந்தது. “செருப்பு போடுக்கா” என்று முதல் வாரத்தில் ஒருமுறை சொன்னேன். “ஏளா, நான் கிரவுண்டுல வளந்தவ. உன்ன மாதிரி மெத்தையில இல்ல” என்றாள். சரி, உடம்புத் திமிர், பழைய டீச்சரின் பவிசு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் மாதம் ஒருநாள் வெயில் ஏறிய பிறகும் ஓடவைத்தாள். மயங்கி விழுந்தேன். டாக்டர் அவளைத்தான் பிடித்துத் திட்டினார். அளவுக்கு மீறினால் நடுக்கம் கூடத்தான் செய்யும், முடியாத நாளில் மெதுவாக நடந்தால் போதும், அதுவும் முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கு அது தேனாக இனித்தது. அன்றிலிருந்து விசில் மெதுவாக ஊதியது. நான் உட்கார்ந்தால் அவளும் உட்கார்ந்தாள். நடை மெல்ல மெல்லப் பழகியது. வியர்வை வந்தால் நடுக்கம் குறைந்தது. ஒருநாள் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்து சொன்னபோது அக்கா குசினிக்குள் போய் முட்டை இரண்டு பொரித்துக் கொண்டுவந்தாள்.

மாத்திரையை அவள்தான் பிளேடால் வெட்டுவாள். ஒன்று, முக்கால், அரை. மூன்று மாத லீவு தீர்ந்து, முதலாளி இன்னும் கொஞ்ச நாள் கொடுத்தார். கால் மாத்திரைக்கு வந்த நாளில் அக்கா துட்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்ததால் டாக்டரிடம் நான் தனியாகப் போனேன். பதினாலு நாள் கால் மாத்திரை, பிறகு நிறுத்திவிடலாம் என்று சீட்டில் எழுதித் தந்தார். சீட்டைக் கைப்பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து, “அவரு சொல்லுத வரைக்கும் கால் மாத்திரையிலயே நிக்கச் சொன்னாரு” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். “எத்தன நாளாம்?”

“சொல்லலக்கா.”

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் பாதிப் பொய். கடுகளவு அந்தத் துண்டு இல்லாமலும் நான் தூங்குவேன் என்று எனக்கே தெரியும். ஆனால் அதை விட்டுவிட்டால் நான் நோயாளி இல்லை. எனக்கு வெட்டித் தரவும் தண்ணீர் நீட்டவும் விடியும் முன்னே எழுப்பவும் யாருக்கும் அவசியம் இல்லை. மீதிப் பாதி சுத்தமான வன்மம். கடை நிறையச் சிரித்தார்களே, அதற்கு. என் மாத்திரை முடிகிற வரைக்கும் அவளும் தினமும் நடந்தாக வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

கால் மாத்திரையின் மூன்றாவது வாரம் அவள் இடது காலை இழுக்க ஆரம்பித்தாள். பாதத்தில் உடைமுள் ஏறி ஒடிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. வலித்தால்தானே தெரியும். டீக்கடை அண்ணாச்சிதான் கேட்டார். “என்ன டீச்சர், கால இழுத்து இழுத்து வைக்கிய?”

“வயசாவுதுலா அண்ணாச்சி.”

அன்றிலிருந்து நான் வேகமாக நடந்தேன். எனக்கு அப்போது நன்றாகவே நடக்க வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்ப்பேன். அவள் துறைமுகத்துக் கிரேன்களுக்கு முன்னால் சின்னதாக நொண்டி வந்துகொண்டிருப்பாள். பக்கத்தில் வந்ததும் மறுபடி நடப்பேன். இன்னொரு நாள் மக்ரூன் பொட்டலம் வாங்கி, சுவரில் உட்கார்ந்து, சர்க்கரைக்காரி முன்னால் ஒவ்வொன்றாகத் தின்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் “கால் வலிக்குதாக்கா?” என்று வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது நான்தான்.

சில நாளில் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. கடற்கரையில் கருவாடு காயப் போட்டிருக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

ஒன்பதாவது வாரம் ஆபீசிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வரலாமா என்று கேட்டார்கள். இனி நோயாளியாக இருந்து பிரயோஜனம் இல்லை. குசினிக்குப் போனேன். அக்கா பிளேடோடு உட்கார்ந்திருந்தாள்.

“இனி வெட்டாண்டாம்க்கா. முடிஞ்சிட்டு. டாக்டர் விடச் சொல்லிட்டாரு.”

அவள் பிளேடைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். பிறகு சொன்னாள். “ஏளா, கட்டிலுக்கு அடியில என் செருப்பு கெடக்கும். எடுத்துட்டு வா.”

தூசி படிந்து கிடந்தது. தட்டிக்கொண்டு வந்து வைத்தேன்.

“மாதாட்ட நேந்திருந்தேன்ளா. நீ மாத்திரய விடுத வரைக்கும் கால்ல செருப்பு போடமாட்டேன்னு. நேர்ச்சைய வெளிய சொன்னா பலிக்காதும்பாவ. அதான் வாயத் தொறக்கல.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் தொடங்கினால் உட்கார்ந்தபடியே தூங்குகிறவள் என் அக்கா. ஜெபமாலைக்காரிகளைக் கண்டால் கேலி பேசுகிறவள். எங்கள் ஊரில் செருப்பில்லாமல் நடக்கும் பெண்ணைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏதோ நேர்ச்சை என்று. எனக்குத் தெரியாமல் போனது.

வலது காலை நுழைத்தாள். இடது கால் போகவில்லை. பலமாகத் தள்ளினாள். “வீங்கியிருக்கு போல” என்று திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்து, உள்ளங்காலில் ஒரு குழி இருந்தது. கருவாட்டு வாடை அங்கிருந்துதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அடுத்த வாரம் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் புண்ணோடு போயிருக்கும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். ஒரு மாதம் முன்னால் நான் முன்னே போய் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் போட்ட நாலாம் நாள், நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அக்கா தன் கண்ணாடியைத் தேடி என் கைப்பையைத் திறந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது சீட்டை விரித்துக் கையில் வைத்திருந்தாள். தேதி இருந்தது, பதினாலு நாள் என்று இருந்தது. விரல் மடக்கி எண்ணத் தேவையில்லை, முப்பது வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருக்கலாம்.

“ஏளா,” என்றாள், “நீ தின்னது கால் மாத்திர இல்லளா. என் கால.”

அடுத்த கட்டில்காரிக்கு விஷயம் தெரியாது. சும்மா வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லித்தான் சிரிக்க வைக்கிறாள். நான் காப்பித் தட்டோடு நின்று கேட்க வேண்டும்.

அன்று நான் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினாள். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“சிரிளா.”

சிரித்தேன்.