எர்சிலியாவின் மஞ்சள் டேப்

எனக்குச் சந்தேக புத்தி. மிலானில் ஒரு மாடல் ஏஜென்சியின் முன்மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்தவளுக்கு வேறென்ன புத்தி வரும்? இங்கே இருபத்திரண்டு வயது பதினேழு என்று சொல்லிக்கொண்டு வரும். "சாப்பிட்டேன்" என்கிறவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். படத்தில் இருக்கிற இடுப்பு நேரில் இருக்காது. அதனால் எர்சிலியாவையும் நான் நம்பியதில்லை.

எர்சிலியா எங்கள் அளவுக்காரி. விஜெவானோ ஊர். பதினைந்து வயதில் உள்ளாடை தைக்கும் பட்டறையில் சேர்ந்து, முப்பது வருஷம் அங்கேயே முதுகு வளைத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு எங்களிடம் வந்தாள். குட்டை, நல்ல பருமன், கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி டேப். திங்கட்கிழமை காலையில் பெண்கள் நீச்சலுடையோடு வரிசையில் நிற்பார்கள். அவள் மண்டியிட்டு அளந்து எண்ணைச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். பின்பக்கத்தோடு சேர்த்து அளக்கிற இடுப்புச் சுற்று தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வாரமே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம், கழிப்பறை ஜன்னல் கொக்கியில் அந்த டேப் ஈரமாகத் தொங்குவதைப் பார்த்தேன். கீழ் நுனியில் இஸ்திரிப் பெட்டி கட்டியிருந்தது. பக்கத்தில் எர்சிலியா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"துவைச்சுப் போட்டிருக்கேன். எத்தனை பேர் வேர்வை அதுல."

"இஸ்திரிப் பெட்டி எதுக்கு?"

"சுருங்காம இருக்கத்தான். நீ உன் வேலையப் பாருடி நீவெஸ்."

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. டேப்பை இழுத்து நீளமாக்குகிறாள். நீளமான டேப் எண்ணைக் கூட்டித்தானே காட்டும்? வேண்டாத பெண்களைக் கழற்றிவிட முதலாளிக்கு ஒரு சாக்கு. முதலாளி லொரெதானா அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவளுக்கு மட்டும் பெரிய பனெத்தோனே கேக்காகப் பார்த்துக் கொடுப்பது சும்மாவா? இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அப்போது எங்களிடம் மில்டா இருந்தாள். லித்துவேனியாக்காரி, பத்தொன்பது வயது. செப்டம்பரில் ஒரு பெரிய ஷோ அவளுக்கு முடிவாகியிருந்தது. கடைசியாக ஒரே ஒரு திங்கட்கிழமை அளவு மட்டும் மிச்சம். போன தடவை எண்பத்தொன்பதரை என்று எர்சிலியா சொன்னதிலிருந்து, ஆப்பிளையும் கறுப்புக் காப்பியையும் தவிர எதையும் தொடாமல் கிடந்தாள். காப்பி எடுக்க என் மேசைப் பக்கம் வந்தாள்.

"பட்டினி கிடந்து என்ன பிரயோஜனம்? டேப்புலயே வேலை நடக்குது" என்றேன். பார்த்ததைச் சொன்னேன்.

"அந்தம்மாவா? நான் வேண்டாம்னாலும் தினம் சூப்பு கொண்டுவந்து நீட்டறாங்களே."

"உன்னைக் குண்டாக்கத்தான்."

அவள் முகம் மாறியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை லொரெதானா அம்மாவும் வந்து நின்றார். தன் முறை வந்ததும் மில்டா பையிலிருந்து ஒரு புது ஃபைபர் டேப்பை எடுத்து நீட்டினாள்.

"இதுல அளங்க."

"என்னுதுல என்னம்மா குறை?"

"அதுல எனக்கு நம்பிக்கை இல்ல."

"வேண்டாம் கண்ணு, சொன்னாக் கேளு." எர்சிலியாவின் குரல் இறங்கிவிட்டது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"அளந்துதான் பாரேன். உனக்கென்ன பயம்?" என்றார் முதலாளி.

எர்சிலியா டேப்பைச் சுற்றினாள். எண்ணைச் சொல்லவில்லை. லொரெதானா அம்மாவே குனிந்து படித்தார்.

"தொண்ணூத்தொண்ணரை."

பிறகு மஞ்சள் டேப்பை வாங்கி அவரே சுற்றினார். எண்பத்தொன்பதரை. இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மஞ்சள் டேப்பின் நூறு, புது டேப்பின் நூற்றிரண்டைத் தாண்டி நின்றது. மில்டாவுக்குத்தான் முதலில் புரிந்தது. எர்சிலியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று எல்லாரையும் புது டேப்பில் அளந்தார்கள். மில்டாவோடு இன்னும் நான்கு பேர் ஊருக்குப் போனார்கள். எர்சிலியாவையும் அன்றே நிறுத்திவிட்டார்கள்.

லிஃப்ட் வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன்.

"இழுத்தா கோடெல்லாம் தள்ளித் தள்ளிப் போகும்டி. அப்புறம் கம்மியாத்தான் காட்டும். இத்தனை வருஷமா எழுதறே, இது தெரியாதா உனக்கு?" என்றாள்.

"ஷோல உடுப்பு பத்தலேன்னா?"

"ரெண்டு சென்டிமீட்டர்தானே. எந்தத் தையல்காரியும் பக்கத் தையலைப் பிரிச்சுச் சரிக்கட்டிடுவா."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

இப்போது நான்தான் அளக்கிறேன். மில்டா விட்டுவிட்டுப் போன ஃபைபர் டேப்தான். போன வாரம் அதை ஊறவைத்து, அதே கொக்கியில், அதே இஸ்திரிப் பெட்டியைக் கட்டி இரண்டு நாள் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை.