தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு ஒரு விருந்தாளி

நகர மன்ற அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘படிவம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்போ இறப்போ, குடிநீர்க் குழாயோ நாய் உரிமமோ, எதைக் கேட்டாலும் ஒரு படிவத்தை நீட்டுவாள். ஆனால் அவள் உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். கடல் கடந்த ஊர் ஒன்றோடு இந்த ஊருக்கு நட்பு ஒப்பந்தம் உண்டு. அங்கிருந்து வருடாவருடம் இருபது பேர் வந்து ஐந்து நாள் தங்குவார்கள். ஹோட்டலில் அல்ல, ஊர்க்காரர்களின் வீடுகளில். அந்த வீடுகளைப் பிடித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு.

“எங்க வீடு சின்னதுங்க” என்று யாராவது இழுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். “சின்னதா இருந்தா என்னங்க? அவங்க சுவத்தைப் பாக்கவா வர்றாங்க? உங்களைப் பாக்க வர்றாங்க!” இப்படிப் பேசிப் பேசியே பதினோரு வருடம் ஓட்டிவிட்டாள்.

அவள் வீட்டில் மட்டும் ஒரு விருந்தாளியும் காலடி வைத்ததில்லை. டயர் கடைக்கு மேலே இரண்டே அறை. கணவர் மின்விசிறி பழுது பார்ப்பவர், கூடத்தில் பாதி இறக்கைகளுக்கே சரி. ஊரெல்லாம் விசிறி சுற்ற வைக்கிற அந்த மனிதருக்குத் தன் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய ஆறு வருடமாக நேரமில்லை. அதனால் உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு நின்றால் அடுத்தவர் கதவைத் திறக்கலாம் என்று வீட்டில் ஒரு சட்டம். இதெல்லாம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

இத்தனையையும் அவள் ஒளிக்காமல் எழுதிய இடம் ஒன்று உண்டு. வீடு தருகிறவர்களுக்குப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்ட, தன் வீட்டு விவரத்தையே எழுதி, மேலே ‘மாதிரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுப்பாள். படிக்கிறவர்கள் ‘இதுக்கு நம்ம வீடு எவ்வளவோ தேவலாம்’ என்று தைரியமாகக் கையெழுத்துப் போடுவார்கள். கெட்டிக்காரிதான்.

அந்த வருடம் படிவங்களை ஸ்கேன் எடுத்து அனுப்பியவர் நட்புச் சங்கத்தின் செயலாளர். வருகிறவர்கள் அவற்றைப் படித்துத் தங்களுக்குப் பிடித்த வீட்டைச் சொல்வது வழக்கம். பட்டியல் திரும்பி வந்தது. இருபத்தோராவது வரியில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தேர்ந்தெடுத்திருந்தது, டயர் கடை மாடி.

“என்ன சார் இது?” என்றாள் செயலாளரிடம்.

“உங்க மாதிரிப் படிவமும் கட்டோட போயிடுச்சும்மா. மேல இருந்த எழுத்து ஸ்கேன்ல வெட்டுப்பட்டுடுச்சு போல. நானும் இருபத்தோரு வீடுன்னு எண்ணி எழுதிட்டேன், அவங்களும் ஒரு ஆளைக் கூடச் சேத்துட்டாங்க.”

அவள் நேரே பல் டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். டாக்டர் மனைவி மாடியில் இன்னொரு அறை தருவதாகச் சொன்னதும்தான் மூச்சே வந்தது. வீடு மாற்றியிருப்பதாக டீச்சருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. ‘நன்றி. நான் கேட்ட வீட்டுக்கே வருகிறேன்.’

வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னாள். கணவர் விசிறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் வீடு சின்னதா இருந்தா என்னன்னு பேசுனியே, அதுல நம்ம வீடு சேத்தி இல்லையா?”

சுருக்கென்று தைத்தது.

டீச்சர் வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய பெட்டி. இறக்கைகளைத் தாண்டித் தாண்டி உள்ளே நடந்தவர், முதல் வேலையாகக் குளியலறை எங்கே என்று கேட்டார். கதவைச் சாத்தினார். அடுத்த நொடி உள்ளேயிருந்து புரியாத மொழியில், கட்டைக் குரலில், சுதி சேராத ஒரு பாட்டு கிளம்பியது. மகள் தரையில் விழுந்து சிரித்தாள். கணவர் ஸ்க்ரூடிரைவரால் தாளம் போட்டார்.

வெளியே வந்த டீச்சர் கைபேசியில் ஏதோ பேசி நீட்டினார். அது தமிழில் சொன்னது: “மற்ற படிவங்கள் ஹோட்டல் விளம்பரம் போல இருந்தன. உங்களுடையதைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். என் கணவர் போன பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.”

மானம் போகும் என்று பயந்தவளுக்கு வெட்கம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. நான்கு நாளும் டீச்சர் கூடத்தில் சம்மணம் போட்டு இறக்கை துடைத்தார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். திருகாணிகளைப் படுக்கையில் போட்டதற்காகக் கணவரைத் தன் மொழியிலேயே திட்டினார், அவரும் புரிந்ததுபோல் மறுபேச்சில்லாமல் பொறுக்கினார்.

ஐந்தாம் நாள் காலை பேருந்து நிலையம். வழக்கமாக அங்கே ஊர்க்காரர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். “அஞ்சு நாள் பழக்கத்துக்கு இவ்வளவா? நேரமாகுது, ஏறுங்க” என்று அவர்களைப் பிரித்து, பெயர் கூப்பிட்டு ஏற்றிவிடுவது அவள்தான். அன்றும் பட்டியலை எடுத்தாள். முதல் பெயருக்கு வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பக்கத்தில் டீச்சர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மனைவி வந்து பட்டியலை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“நான் கூப்பிடறேன்க்கா. உங்க ஆளைக் கடைசியா ஏத்திக்கலாம்.”