மோட்டார் ஓடும் நேரம்

பூங்குழலி சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் செஞ்சிக்குப் போய்ப் படித்தவள். பெங்களூரில் அணு இயற்பியலில் முனைவர் பட்டம், பிறகு ஜெர்மனியில் இரண்டு வருடம். அம்மா இறந்ததும் திரும்பி, செஞ்சியில் ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளரானாள். வயது முப்பத்தெட்டு. திங்கட்கிழமை சென்னையில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். தன் பெயரில் தனியாகச் செய்த ஆய்வு ஒன்றாவது வேண்டும் என்றிருந்தார்கள். ஒன்றுதான் இருந்தது. அச்சுக்கு ஏற்கப்பட்டிருந்தது.

ருபீடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் லேசர் ஒளியைச் செலுத்தும்போது, வரைபடத்தில் யாரும் அதுவரை பார்க்காத ஒரு சிறு முகடு எழுகிறது. கட்டுரை அதைப் பற்றியது. பிற்பகலில் வகுப்புகள் இருந்ததால் எட்டு மாதமும் காலையில்தான் அளந்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவள் அப்பா பொன்னுசாமி பொரிந்தார்.

"மோட்டார் கரண்ட மாத்திட்டானுங்க. காலையில கெடயாதாம், மதியம் ரெண்டு மணிக்குத்தானாம். மல்லாட்டைப் பயிருக்கு எப்பத் தண்ணி கட்றது?"

"எப்பலேர்ந்து நைனா?"

"இன்னிலேர்ந்து."

அன்று காலை முகடு வரவில்லை. லேசரில் கோளாறு என்று நினைத்திருந்தாள். கை சோற்றிலேயே நின்றது.

சிங்கவரம் வயல்களுக்கான மின்கம்பி கல்லூரி ஆய்வகத்தின் பின்சுவரை ஒட்டிப் போகிறது. நூறு மோட்டார்கள் சேர்ந்து ஓடினால் கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம் அணுக்களை அசைக்கப் போதும். குழாயைச் சுற்றிய தகட்டு உறை அதைத் தடுக்கும் என்று நம்பியிருந்தாள். தடுக்கவில்லையென்றால் அந்த முகடு புதிய கண்டுபிடிப்பல்ல, மோட்டார்களின் வேலை.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஆய்வக உதவியாளர் ராஜாங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆஃப் பண்ணிட்டு ஊட்டுக்குப் போங்க மேடம். நீங்க பாக்கலன்னா யாரு பாத்தா? அணு வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

"சும்மா இருங்க."

"வேல கெடச்சப்புறம் தப்புன்னு எழுதுங்களேன்."

வரும் வழியெல்லாம் அவளும் அதைத்தான் யோசித்திருந்தாள்.

இரண்டு மணி. கோடு தட்டையாகவே ஓடியது.

"பாத்தீங்களா, சும்மா டென்ஷன்" என்றார் ராஜாங்கம்.

இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு முகடு எழுந்தது. அவளுக்கு மனப்பாடமான அதே வடிவம்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். "மோட்டார் போட்டியா நைனா?"

"இப்பத்தான். லைன் லேட்டா வந்துச்சி."

"எல்லாரும் போட்டுட்டாங்களா?"

"போடாம? இன்னா பெரிய விசாரண?"

ஆய்விதழுக்கு மூன்று வரி எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

"திங்கக்கெழம கேப்பாங்களே மேடம்?"

"கேக்கட்டும்."

அனுப்பினாள். பிறகு விண்ணப்பத்தைத் திறந்து, 'சொந்த ஆய்வு' என்ற தலைப்பின் கீழிருந்த ஒரே வரியை அழித்தாள். தலைப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை.