ஓரம் அடித்த காலி இடம்

தெருவில் எல்லோருக்கும் அவள் பூவேலை அக்கா. சட்டைப் பையில் பள்ளிச் சின்னமோ, தலையணை உறையில் கொடியோ, கம்ப்யூட்டரில் வரைந்து எம்ப்ராய்டரி மெஷினுக்கு அனுப்பித் தைத்துக் கொடுப்பாள். எதைக் கண்டாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கம்ப்யூட்டர் பழசாகி ஆமையாய் ஊர்ந்தது. பூவேலை சாஃப்ட்வேரோ விண்டோஸை விட்டு வர மாட்டேன் என்றது. "விண்டோஸ் பாட்டுக்கு இருக்கட்டும். அதே டிஸ்க்குல கொஞ்சம் இடம் ஒதுக்கி, லினக்ஸ்னு லேசான சிஸ்டம் ஒண்ணு போட்டுக்கோ. மத்த வேலையெல்லாம் பறக்கும்" என்றாள் தங்கை. டிசைன்களை நகல் எடுத்து வைக்கவும் சொன்னாள். ஆனால் வீட்டிலிருந்த ஒரே பென் டிரைவில் லினக்ஸ் ஏறி உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருஷத்து டிசைனும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான்.

அக்கா ஆண்டவனை நினைத்துக்கொண்டு, விண்டோஸும் டிசைன்களும் இருந்த சி டிரைவைக் குறுக்கினாள். பக்கத்தில் கறுப்புப் பட்டையோடு காலி இடம் ஒன்று முளைத்தது. அதை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. புது டிரைவாக்கி, ஃபார்மட் செய்து, 'லினக்ஸ் வீடு' என்று பேரும் வைத்தாள்.

பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினால், காலி இடமே இல்லை என்றது. டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு ஏறட்டுமா என்று கேட்டது. மவுஸைப் பிடித்தபடி அவள் அந்தக் கேள்வியை மறுபடி படித்தாள்.

டெலிவரி வேன் ஓட்டும் கணவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, முகம் வெளுத்துக் கெடக்கு?"

"எல்லாத்தையும் அழிச்சிடட்டுமான்னு கேக்குதுங்க."

"நல்லாக் கேக்குதே! குடிவர்றவன் வீட்டுக்காரனை வெளிய தள்ளட்டுமான்னு கேக்கற மாதிரி. முதல்ல கையை எடு!"

தங்கைக்குப் போன் போனது. "குறுக்கினப்புறம் என்னக்கா பண்ணே?"

"டிரைவ் ஆக்கிப் பேரு வச்சேன்."

"பேரு வேறயா!"

"வெட்டின துணியை ஓரம் அடிக்காம யாராவது விடுவாங்களாடி? பிரிஞ்சு போயிடாது?"

தங்கைக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "இது துணி இல்லக்கா. யாருக்கும் சொந்தமில்லாம கெடந்தாத்தான் லினக்ஸ் அதைக் காலின்னு எடுத்துக்கும். விண்டோஸுக்குப் போய் அந்தப் புது டிரைவை மட்டும் நீக்கு. சி பக்கமே போகாத!"

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேரைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நீக்கினாள். கறுப்புப் பட்டை திரும்ப வந்தது. மறுபடி ஓரம் அடிக்கக் கை பரபரத்தது; மடியில் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை லினக்ஸ், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று சமத்தாகச் சொன்னது.

ஏறி முடிந்ததும் அவள் முதலில் திறந்தது விண்டோஸைத்தான். டிசைன் ஒன்றுகூடக் குறையவில்லை. "ஆண்டவனே" என்று கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் லினக்ஸுக்குள் போனாள். அட, அங்கிருந்து பார்த்தாலும் அதே டிசைன்கள்! திரும்ப விண்டோஸுக்கு வந்து லினக்ஸைத் தேடினால் ஒன்றையும் காணோம். மறுபடி போன்.

"ஏண்டி, அது இதைப் பாக்குது, இது ஏன் அதைப் பாக்க மாட்டேங்குது?"

"லினக்ஸ் எழுதறது விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

"சொல்லிக் கொடுத்தா படிக்குமா?" என்றாள் அக்கா, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு.