ஒரே வயரில் பத்து வீடு

போன வாரம் என் மகளின் லெப்டொப் திடீரென்று கறுத்துப்போய், ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரியைக் காட்டிக்கொண்டு நின்றது. மறுநாள் அவளுக்கு வகுப்பு. முகம் விழுந்துவிட்டது. நான் ஒரு பென் டிரைவைச் சொருகி, இரண்டு மூன்று பட்டனைத் தட்டி, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற விட்டேன். தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் முடிந்துவிட்டது. "இவ்வளவுதானாப்பா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அரைச் செங்கல் கனம் இருக்கும். மூடியைத் திறந்து வைத்து வேலை செய்தால் சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனையோடு எனக்கு எப்போதும் ஒட்டுப்பால் நாற்றமும் சேர்ந்தே வரும். ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து கிடப்பதை உரித்துச் சேர்ப்பார்களே, அதுதான். அம்மாவும் அக்காவும் பால் வெட்டுகிறவர்கள். எத்தனை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. எங்கள் வீட்டில் சோறு, பாய், என் ஒரே நல்ல சட்டை எல்லாவற்றிலும் அதே வாசம்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி, பெரிய மெக்கானிக் மாதிரி ஜன்னலோரம் உட்காருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் மெதுவாக அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

எனக்கு அப்போது ருவான்வெல்லை பஜாரில் சலீம் நானாவின் கடையில் வேலை. கல்யாண கார்ட், மரண அறிவித்தல், டியூட்டரி நோட்டீஸ் எல்லாம் அடிக்கிற சின்னக் கடை. போர்டில் 'கொம்பியூட்டர் ரிப்பேர்' என்று ஒரு வரியைச் சேர்க்க வைத்தது நான். எதற்குச் சேர்த்தோம் என்று நானா பிறகு பலமுறை வருந்தியிருக்கிறார். சிங்களத்தில் டைப் பண்ண ஆள் இருந்தது, தமிழுக்கு இல்லை. என் அக்காவோ டவுனில் டைப்பிங் படித்தவள், விரல் பறக்கும். ஒருநாள் நானாவே கேட்டார்.

"ஒங்கட அக்காவ அடிக்கச் சொல்லுங்களே தம்பி. பழைய மெசின் ஒண்டு சும்மா கெடக்கு. வீட்டுக்குக் கொண்டு போங்க. வேல நான் அனுப்புறன்."

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்கு எப்பேர்ப்பட்டது என்று நானாவுக்குத் தெரியாது. அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாகப் பேச்சு முடிந்து, பாஸ்போர்ட்டும் வந்திருந்தது. புளத்கொகுபிட்டியவிலிருந்து வந்துபோகும் ஏஜென்சிக்காரி, வருகிற திங்கட்கிழமை முடிவைச் சொல்லிவிடுங்கள் என்று கெடு வைத்திருந்தாள். அப்பா இல்லாத வீடு, பால் வெட்டுச் சம்பளம், ஒழுகுகிற கூரை. அக்காவுக்குப் போக இஷ்டமே இல்லை. அம்மாவுக்கு அதைவிட இல்லை. "டைப்பிங் வேல மட்டும் அமைஞ்சா அந்த ஏஜென்சிக்காரிய வாசலோடயே திருப்பி அனுப்பிருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

நானாவின் மெசினில் வைரஸ் குடும்பம் குட்டியோடு குடியிருந்தது. கடையில் வைத்தே எல்லாவற்றையும் அழித்து, புதிதாக சிஸ்டம் ஏற்றி, தமிழ் எழுத்துகளும் போட்டேன். ஜம்மென்று ஓடியது. த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்து இறக்கினேன். சாயந்தரம் பட்டனைத் தட்டினால் கறுத்த திரையில் வெள்ளை எழுத்து: டிஸ்க்கைக் காணோம், வேறு டிஸ்க் போடு. மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஓடியது. வீட்டுக்குக் கொண்டு வந்தால் மறுபடியும் காணோம். சரி, வீட்டிலேயே வைத்து ஏற்றுவோம் என்று சீடியைப் போட்டேன். பொழுது சாயுமுன் தொடங்கினால் ஃபைல் எல்லாம் ஒழுங்காக ஏறும். பிறகு தானாக ஒருமுறை நின்று திரும்பத் தொடங்கும் இல்லையா, அந்த இடத்தில் வந்து அதே வெள்ளை எழுத்து.

நான் செய்யாத வித்தை இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையை மாற்றினேன். மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்துப் போட்டேன். த்ரீவீலர்காரன் குழியில் விட்டதால்தான் என்று அவனைத் திட்டினேன். அம்மா தன் பங்குக்கு மொனிட்டருக்கு விபூதி பூசினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அழித்துவிட்டேன், பிறகு பயந்துபோய் நானே மறுபடி பூசினேன்.

காரணத்தைப் பிடித்தவள் அக்கா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் நான் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ பொட்டியவே பாக்கிற. பல்ப பாரு. டீவி நாடகம் தொடங்கினதும் மங்கிப்போச்சு."

அதேதான். எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு வயர். முதல் வீட்டில் நுழைந்து, ஒவ்வொரு கூரையாக ஏறி இறங்கி, பத்தாவதான எங்கள் வீட்டில் முடியும். அத்தனை டீவியும் அயன் பெட்டியும் குடித்து மிச்சம் வைத்த கரண்ட்தான் எங்களுக்கு. அந்தக் கரண்டில் டிஸ்க்குக்குச் சுற்றவே தெம்பு இல்லை. சுற்றாத டிஸ்க்கை மெசின் எப்படிக் கண்டுபிடிக்கும்? அக்கா தோட்டத்திலிருந்து வருகிற நேரத்துக்குத்தான் லயமே வந்து சேரும். அதனால் அவள் வேலை செய்யக்கூடிய நேரமெல்லாம் கரண்ட் இல்லாத நேரம்.

அந்தச் சனி ஞாயிறு நானாவின் கடை பூட்டு, திங்கட்கிழமைக்குள் மெசின் ஓடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடு வீடாகப் போனாள். இன்றைக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் எல்லாவற்றையும் நிறுத்தித் தாருங்கள், ஏற்றி முடித்துவிட்டால் அப்புறம் நானா கடையிலிருந்து கரண்டைச் சீராக்குகிற ஒரு பெட்டி கொண்டுவந்து சமாளித்துக்கொள்வோம் என்று கேட்டாள். அன்றைக்கு மேட்ச் வேறு. எனக்கு நம்பிக்கையே இல்லை. முதல் வீட்டு முத்தையா மாமா தலையைச் சொறிந்தார். "மேட்ச் நாளைக்கும் காட்டுவான். நீ குவைத்துக்கு போயிட்டா ஒன்ன யாரு காட்டுவா? போ புள்ள, நிப்பாட்டுறோம்." நடு வீட்டில் இருந்த மெனிக்கே அக்கா "ஹரி நங்கி, அப்பி ஓஃப் கரன்னங்" என்று சிங்களத்தில் சம்மதம் சொன்ன கையோடு தன் டீவி பிளக்கைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு நல்ல மழை. லயம் முழுக்க நிறுத்தியாகிவிட்டது. நாங்களும் பல்பை அணைத்துவிட்டோம். டீவி இல்லாத சனம் வேறு எங்கே போகும்? குடையும் சாக்குமாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அறை நிரம்பி, வாசலிலும் ஆள். எல்லாரும் நீலத் திரையில் ஊர்ந்துபோகிற மஞ்சள் கோட்டை மேட்ச் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபைல் ஏறி முடிந்து, நின்று, திரும்பத் தொடங்கியது. டிஸ்க் சுற்றியது. வெள்ளை எழுத்து வரவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்த கட்டம் பாதியில் இருந்தது. திரை சுருங்கி, ஒருதரம் விரிந்து, அணைந்தது. டிஸ்க்குக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட எவனுக்கும் தெரியும், அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை. யார் வீட்டில் போட்டது என்று மாமா வாசலுக்கு ஓடினார். நான் உள்ளே திரும்பினேன். அக்கா எனக்கு முன்னால் குசினிக்குள் போய்விட்டாள்.

அம்மா அங்கே தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். விறகு நனைந்து கிடந்தது. இத்தனை பேர் நமக்காக வந்திருக்கிறார்கள், வெறும் வாயோடு எப்படி அனுப்புவது? நான் கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிக் கொடுத்து, விருந்தாளிக்கு மட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ஹீட்டரைப் பானைக்குள் போட்டுவிட்டார். டீவியைத்தானே நிறுத்தச் சொன்னோம், ஹீட்டரைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. லயத்து டீவி அத்தனையும் சேர்ந்து இழுக்கிற கரண்டை அது ஒன்றே இழுக்கும்.

அக்கா பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"தண்ணி கொதிச்சிருச்சும்மா, போதும். மெசினு பழசு, அது செத்துப் போச்சு. டீய ஊத்துங்க."

என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் எல்லாருக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அக்காவும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள்.

வேறு டிஸ்க் கொழும்பிலிருந்து வர வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்று நானா போனில் கைவிரித்தார். ஏஜென்சிக்காரி திங்கட்கிழமை காலையிலேயே குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா போய்விட்டாள். இரண்டு வருஷம் என்று போனவள், வீடு மாற்றி வீடு மாற்றி, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். கல்யாணமும் நடக்கவில்லை.

அம்மா கடைசிவரைக்கும் என்னைத்தான் சொல்லுவார். சொந்தக்காரர் யார் வந்தாலும், "இவன் தொட்டு ஒரு மெசின் ஒழுங்கா ஓடியிருந்தா எம்புள்ள இங்கன இருந்திருக்கும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும், ஆனால் ஹீட்டரின் கதையை மட்டும் சொன்னதில்லை. அம்மா இறந்தபோது அக்காவை அந்தக் குவைத் வீட்டுக்காரர் விடவில்லை. போனிலேயே பார்த்து, போனிலேயே அழுதாள்.

போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டாள். பழைய லயத்தை இடித்து, ஆளுக்கொரு தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தனி மீட்டர். அக்காவின் வீட்டில் எல்லாச் சுவரிலும் பிளக் இருக்கிறது. முத்தையா மாமா இப்போது இல்லை. மெனிக்கே அக்கா மகனோடு எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டார். ஒரு லெப்டொப் வாங்கித் தரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "இனி எதுக்குடா" என்றாள்.

அன்றைக்குத்தான் மனசில் கிடந்ததைக் கேட்டேன். "ஹீட்டராலதான்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. தெரிஞ்சிருந்தா ஒன்ன அனுப்பியிருக்கவே மாட்டாங்க."

அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அனுப்பியிருக்க மாட்டாங்கதான். ஆனா அதுக்கப்புறம் அம்மா யாருக்கும் ஒரு டீ ஊத்தியிருக்க மாட்டாங்கடா."

அம்மா சாகும்வரை, வாசலில் நின்றவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் அக்கா இரண்டு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் வைக்கிறாள். அதற்குமேல் அங்கே யாரும் வருவதில்லை.