தை மாதமே டி.சி. கேட்டவர்

செய்தி வந்தபோது நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை பேசினார். "தம்பி, சுகந்தி பள்ளிக்கூடத்து வாசல்ல மயங்கி உழுந்துட்டாங்க. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க நேரா வந்துருங்க."

அப்போது பதினேழு குழாய்கள் மேலே வந்திருந்தன. இன்னும் எட்டு பாக்கி. அந்த நாளில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது இந்தக் கணக்கு மட்டும்தான். நான் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி சுகந்தி போய்விட்டார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அவரை அறியாத பெற்றோர்களுக்காகவும் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். ஓமலூர் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கவின், இளையவள் தர்ஷினி. கவின் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் ஒன்பது வருடம், சுகந்தி தினமும் அதே பள்ளி வாசலுக்கு நடந்தார். சின்னவள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது எல்லா அம்மாக்களும் கண் கலங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். சுகந்திக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

தை மாதமே பள்ளிக்குப் போய் தர்ஷினிக்கு டி.சி. கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க சுகந்தி, முழுப் பரிட்சையே இன்னும் வரல. எங்களை உட்டுப் போறதுக்கு அத்தனை அவசரமா?" என்று தலைமையாசிரியை சிரித்தாராம்.

"அவ பாஸாகறது இருக்கட்டுமுங்க டீச்சர். நான் ஒம்பது வருசமா உங்க பள்ளிக்கூடத்துலயே கெடக்கறனுங்க. என்னையும் பாஸ் போட்டு அனுப்புங்க!"

அன்று மாலை பட்டறைக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆறாம் வகுப்புச் சீருடைக்குத் துணி எடுத்தாயிற்று, பை வாங்கியாயிற்று. தர்ஷினி இனி அண்ணனோடு பஸ்ஸில் போய்விடுவாள். அதன்பின் பட்டறைக்கு வந்து என்னோடு காயில் கட்டப் போவதாகவும் அறிவித்தார். "ஏனுங்க மாமா, உங்களுக்குச் சம்பளம் இல்லாத ஆளு ஒண்ணு கெடைக்குது. மொகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வையுங்க."

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஐந்தாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். அடுத்த வருடம் ஆளுக்கொரு பள்ளிக்குப் போகிறார்கள். பரிட்சை முடிந்த மறுநாள் அத்தனை பேரையும் தன் பிறந்த ஊரான ஜேடர்பாளையத்துக்கு, காவிரி அணைக்கட்டுக்கு, வேனில் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மேட்டூர் பக்கம்தானே, அங்கே போகலாமே என்றேன்.

"மேட்டூர்ல தூர நின்னு பாக்கோணும். எங்கூர்க் காவேரில காலை வெக்கலாமுங்க."

வேன் சொல்லியாகிவிட்டது. பெற்றோர்களிடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் போனார்.

பரிட்சை முடிந்த அன்று தர்ஷினி வந்து, "நாளைக்கு வேன் வருமாப்பா?" என்று கேட்டாள். பக்கத்தில் என் அக்கா உட்கார்ந்திருந்தார். "ஏஞ்சாமி, பதனாறு கூட ஆகல. அதுக்குள்ள ஆத்துக்குப் போனா ஊருல என்ன பேசுவாங்க?" என்றார். அக்கா சொன்னது முறைதான். எனக்குச் சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. கரண்ட் இல்லாத ஒயர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தர்ஷினிதான் பேசினாள். "நாங்க பதினோரு பேரு இனி ஒண்ணா இருக்க மாட்டோம் அத்தை. நிறுத்துனா எங்கம்மா பொய் சொல்லுச்சுன்னு ஆயிரும்."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "போறதுன்னா பதினோரு புள்ளைகளையும் வெறும் வவுத்தோடவா கூட்டிட்டுப் போவே? போடா, போயி புளி வாங்கிட்டு வா."

மறுநாள் காலை வேனில் ஒரே கூச்சல். ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. கூட வந்த தலைமையாசிரியை, சுகந்தி எழுதி வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" என்று வேன் அதிர்ந்தது. பதினோரு பெயர் முடிந்தும் அவர் தாளை மடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கடைசியில், அதே கையெழுத்தில், பன்னிரண்டு: சுகந்தி.

கூச்சல் அடங்கிவிட்டது. தர்ஷினியும் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா முன்னாடியே போயிருச்சுங்க டீச்சர்," என்றாள். "அதுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

தலைமையாசிரியை சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். டிரைவர் வண்டியை எடுத்தார். திருச்செங்கோடு தாண்டுவதற்குள் மறுபடியும் ஜன்னல் சண்டை.

அணைக்கட்டுக்குக் கீழே, ஆழமில்லாத இடத்தில் பிள்ளைகள் இறங்கினார்கள். நான் கரையில் நின்று தலைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன்.

"எத்தனை வாட்டிப்பா எண்ணுவீங்க? பேன்ட்டை மடிச்சுட்டு வாங்க!" முழங்கால் தண்ணீரில் நின்று தர்ஷினி கத்தினாள்.

மடித்துக்கொண்டு இறங்கினேன். பத்து நாளாக எதுவும் உறைக்காத காலில் தண்ணீர் சில்லென்று ஏறியது. அங்கேயே நின்று, முதல்முறையாக, வாய்விட்டு அழுதேன். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

போய் வா, சுகந்தி. நீ சொன்னது சரிதான். உங்கள் ஊர்க் காவேரியில் காலை வைக்கலாம்.